தண்ணிக்கு ரெண்டு கிலோ

போன சனிக்கிழமை பலாங்கொடை டவுனில் ஒரு தராசு வாங்கினேன். ஆள் ஏறி நிற்கிற கண்ணாடித் தராசு. கடைக்காரத் தம்பி என்னை மேலிருந்து கீழ் வரை ஒரு பார்வை பார்த்தார். "பயப்படாதீங்க மிஸ், நூத்தெண்பது கிலோ வரைக்கும் தாங்கும்" என்றார்.

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். தராசு எனக்கில்லை... என் அண்ணிக்கு.

ஸ்டெல்லா அண்ணி என் பெரியண்ணனின் சம்சாரம். ஓப்பநாயக்கவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருஷமாகக் கொழுந்து எடுக்கிறவர். நான் அதே தோட்டத்தில் பிறந்து, டீச்சராகி, டவுனில் வீடெடுத்து, உட்கார்ந்து உட்கார்ந்தே எண்பத்தாறு கிலோ ஆனவள். அதைத்தான் வாராவாரம் இந்தப் பத்திரிகைப் பக்கத்தின் மூலையில் போட்டோவில் பார்க்கிறீர்களே!

போன வருஷம் இங்கே எடையைப் பற்றி எழுதினேன், ஞாபகமிருக்கிறதா? நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? முதலில் உங்கள் தட்டைப் பாருங்கள். சோற்றைக் குறையுங்கள், நடங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள்... என்று பெரிய டாக்டர் மாதிரி அள்ளி விட்டிருந்தேன். நிறையப் பேர் பாராட்டினீர்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அண்ணியும் அதைப் படித்தார். வெட்டியெடுத்து லயத்து வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒட்டியும் வைத்தார்.

அப்போதே அவருக்கு மலை ஏறினால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. உடம்பும் போட்டிருந்தது. முகம் உப்பி, வயிறு வைத்து, குள்ளமான உருவம் உருண்டையாகிவிட்டது. தோட்டமே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டது. உடம்பு போட்டதால் மூச்சு வாங்குது. வேறென்ன?

"நான் கூடுதலா ஒண்ணும் சாப்பிடலியே டீச்சரம்மா" என்றார் அண்ணி. என்னைக் கேலியாக அப்படித்தான் கூப்பிடுவார்.

"எல்லாரும் அப்பிடித்தான் அண்ணி சொல்லுவாங்க. நானும் அப்பிடித்தான் சொல்றேன்" என்று வாயை அடைத்தேன். அடப்பாவி, அன்றைக்கு அந்த ஒரு வார்த்தையை நான் காதில் வாங்கியிருக்கலாம்!

நடக்க ஆரம்பிப்பதற்கு முன்னால் எடை பார்க்கணுமே? தோட்டத்தில் இருந்தது ஒரே தராசு, கொழுந்து நிறுக்கிற கொட்டகையில், அதுதான் மடுவத்தில், தொங்குகிற தராசுதான். நிறுவை முடிந்த நேரம் போனோம். சாக்கைத் தொட்டில் மாதிரி கட்டி, கொக்கியில் மாட்டி, அண்ணியை உட்கார வைத்தார்கள். கொழுந்தெடுத்துவிட்டு நின்ற பொம்பளைகள் எல்லாரும் கூடிவிட்டார்கள். ஒரே சிரிப்பு.

"அறுபத்தெட்டு" என்று வாசித்தார் கணக்கப்பிள்ளை. அதோடு விடவில்லை. "மழை பேஞ்சிருக்குல்ல? தண்ணிக்கு ரெண்டு கிலோ கழிச்சு அறுபத்தாறுன்னு போட்டுக்கங்க!"

மடுவமே அதிர்ந்தது. மழை நாளில் நனைந்த கொழுந்து கனக்கும் என்று கூலிக் கணக்கில் பைக்கு ரெண்டு கிலோ கழிப்பார்கள். முப்பது வருஷமாக அண்ணி அதற்காகச் சண்டை போட்டிருக்கிறார். அன்றைக்கு அவரும் சிரித்தார், இருமல் வரும்வரை. எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான்.

(என் எடையையும் பார்த்தார்கள். கணக்கப்பிள்ளை மரியாதைக்காக வாய்விட்டு வாசிக்கவில்லை.)

சனிக்கிழமை தோறும் பின்னேரம் ரெண்டு பேரும் மாதா கோயில் பாதையில் நடந்தோம். செங்குத்தான ஏற்றம். தபசு காலத்துச் சிலுவைப் பாதைக்காக வழி நெடுக நட்ட பதினாலு சிலுவைகள் உண்டு. "நமக்குச் சரியான பாதைதான். பதினாலு இடத்துல நிக்கலாம்" என்றார் அண்ணி.

எனக்கு மூச்சு வாங்கியதா? கேட்காதீர்கள். ஒவ்வொரு சிலுவைக்கும் இடுப்பில் கைவைத்து நின்றேன். எண்பத்தாறு கிலோவை மேலே இழுத்துக்கொண்டு போக வேண்டுமே. நிறைந்த பையோடு ஏறுகிறவளுக்கும் வெறும் கையோடு ஏறுகிறவளுக்கும் ஒரே மூச்சு போதுமா? ஆனால் ரெண்டு நிமிஷம் நின்றால் மூச்சு திரும்பிவிடும். வாயும் திரும்பிவிடும்.

அண்ணிக்குத் திரும்பவில்லை. நான் கிளம்பிய பிறகும் சிலுவையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "நீங்க போங்க... நான் இன்னொரு அருள் நிறைந்த மரியே சொல்லிட்டு வாரேன்" என்பார். பக்தி என்று நினைத்தேன்.

முதல் மாதம் எட்டாவது சிலுவை வரை வந்தார். அப்புறம் அஞ்சு. அப்புறம் மூணு. நடக்க நடக்கக் கூட வேண்டியது குறைகிறதே என்று எனக்கு உறைத்ததா? இல்லை. "மனசு வைக்கணும் அண்ணி" என்று கடிந்துகொண்டேன்.

"வைக்கிறேன்" என்றார்.

வைத்தார். இரவுச் சோற்றை நிறுத்தி, உப்புக் கஞ்சியும் கருவாடும் சாப்பிட்டார். நான் எழுதியபடியே பெரிய போத்தலில் தண்ணீர் நிரப்பி, பொழுது சாய்வதற்குள் ரெண்டு தரம் காலி பண்ணினார். கால் வீங்கி, செருப்பு ஏறாமல், அண்ணனின் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தார். "புதுசா நடக்கிறதால வீங்குது" என்றேன். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கியது மட்டும் எனக்குத் தெரியாது. சொன்னால் திட்டுவேன் என்று சொல்லவில்லையாம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, ரெண்டாவது சிலுவையடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உதடு நீலம் பாரித்திருந்தது. த்ரீவீலில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

சின்ன வயது டாக்டர். அண்ணியின் கணுக்காலுக்கு மேல் விரலால் அழுத்திவிட்டு எடுத்தார். பிசைந்த ரொட்டி மாவில் அழுத்தியது போலக் குழி அப்படியே நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மே தரபாருவ நெவெய் அம்மே. வத்துர."

இது கொழுப்பு இல்லையம்மா, தண்ணீர்.

இதயத்தில் ஒரு வால்வு பழுதாம். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் ஆரம்பித்திருக்கலாமாம். இதயம் தள்ள முடியாமல் தள்ளித் தள்ளி, காலிலும் வயிற்றிலும் நுரையீரலிலும் நீர் கட்டியிருக்கிறது. ஊசியும் மாத்திரையும் கொடுத்தார்கள். பத்து நாளில் பன்னிரண்டு கிலோ இறங்கியது. கட்டிலில் கன்னம் ஒட்டி, எலும்பு தெரிய ஒரு மெலிந்த பொம்பளை படுத்திருந்தார். நாங்கள் கேலி செய்த குண்டு அண்ணி குண்டே இல்லை.

உப்பும் தண்ணீரும்தான் இந்த நோய்க்குக் கேடு என்ற டாக்டர், "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள்?" என்று சிங்களத்தில் கேட்டார். அண்ணி என் பக்கம் திரும்பவேயில்லை.

"திபஹ உனாம பொனவா" என்றார். தாகம் எடுத்தால் குடிப்பேன் என்று.

கட்டுரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வெளியே வராந்தாவில் நின்று அழுதேன்.

எடை கூடினால் மூச்சு வாங்கும். அது உண்மை. ஆனால் மூச்சு வாங்கினாலே எடைதான் காரணம் என்று யார் சொன்னது? நான்தான் சொன்னேன். உங்களிடமும் சொன்னேன். குண்டாக ஒருவர் தெரிந்தால் போதும், சளி, தடிமன் பிடித்தாலும் சோற்றைக் குறைக்கச் சொல்கிறோம். யாராவது அவர் காலை ஒரு தரம் தொட்டுப் பார்க்கிறோமா? என் பேச்சைக் கேட்டுப் போத்தலும் கையுமாக மலை ஏறிக்கொண்டிருக்கிறவர் யாராவது இருந்தால், தயவுசெய்து நிறுத்திவிட்டு முதலில் டாக்டரைப் பாருங்கள்.

இப்போது அண்ணி வீட்டில். ஆபரேஷனுக்குக் கொழும்பிலிருந்து கூப்பிடும்வரை காத்திருக்கிறோம். தினமும் காலையில் தேத்தண்ணி குடிக்கும் முன் எடை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ரெண்டு மூணு நாளுக்குள் ரெண்டு கிலோ கூடினால், நீர் திரும்பக் கட்டுகிறது என்று அர்த்தம். உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். அதற்குத்தான் அந்தக் கண்ணாடித் தராசு.

ஞாயிறு காலை போன் வந்தது. ஐம்பத்தஞ்சு. திங்கள், ஐம்பத்தஞ்சு. செவ்வாய், ஐம்பத்தஞ்சரை. என் எடைக்கு நான் இப்படிப் பயந்ததில்லை.

இன்று புதன். தோட்டத்தில் விடாத மழையாம்.

"ஐம்பத்தேழரை" என்றார் அண்ணி.

"அப்பிடியே இருங்க. த்ரீவீல் எடுத்துக்கிட்டு நானே வாரேன்" என்றேன்.

அந்தப் பக்கம் ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. "மழை பேயுதுல்ல, டீச்சரம்மா... தண்ணிக்கு... ரெண்டு கிலோ... கழிச்சுக்கங்க."