ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு போன நான்

அவரை நான் நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவை. கனோ என்கிற சின்னத் துடுப்புப் படகு ஓட்டுகிறவர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. நாடு முழுக்கப் பரந்த கூட்டம். மட்டக்களப்பு வாவிக்காரர் அதில் கொஞ்சப் பேர்தான். ஒருமுறை எங்கள் பக்கத்து ஆட்கள் கல்லடிப் பாலத்தடியில் கூடியபோது அவரும் வந்திருந்தார். நெடிய, மெலிந்த ஆள். சாரத்தை மடித்துக் கட்டி, மேலே செம்மஞ்சள் நிற மிதவை அங்கியைப் போட்டிருந்தார். நான் துடுப்புப் போட்ட விதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கிட்ட வந்தார்.

"தோளால இழுக்காதீங்க. இடுப்பத் திருப்புங்க. இல்லாட்டி தோள் போயிரும்."

அதற்குப் பிறகு சிறிது நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அவ்வளவுதான் நேர்ப் பழக்கம்.

மற்றதெல்லாம் போனில். அவர் பழுகாமத்துக்காரர். வட்டை எனப்படும் வயல்வெளிக்குள் வயல்காரரின் தண்ணீர் இறைக்கும் மெசின்களைத் திருத்துவது தொழில். நான் எதிர்க்கரையில், களுவாஞ்சிகுடியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். எங்கள் இருவருக்கும் நடுவில் வாவி மட்டும்தான். ஞாயிறு காலைகளில் அவர் கண்டல் மரங்களுக்குள் கனோவை நிறுத்திப் படம் எடுத்துக் குழுவில் போடுவார். பறவைகளின் பெயரைப் பெரும்பாலும் பிழையாக எழுதுவார். யாராவது திருத்தினால் நன்றி சொல்லிவிட்டு, அடுத்த கிழமையும் அதே பிழையை விடுவார். புதிதாகச் சேர்ந்த யாராவது கனோவில் வெடிப்பு விழுந்துவிட்டது என்று எழுதினால் முதல் பதில் அவருடையதாகத்தான் இருக்கும். நானும் கண்டதையும் எழுதுவேன். தோள் நோவு, கடையில் வேலைக்கு ஆள் நிற்காதது, பெரிய மகளின் பரீட்சை. யார் இதையெல்லாம் வாசிக்கப்போகிறார்கள் என்ற நினைப்பில்தான் எழுதினேன்.

பிறகு ஒரு கட்டத்தில் அவர் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பத் தொடங்கினார். "ஞாயிறு வாறீங்களா? நீங்க அந்தக் கரையால வந்தா நான் இந்தக் கரையால வாறன். நடுவுல சந்திக்கலாம்." நான் "கட்டாயம் வாறன்" என்று எழுதுவேன். கிழமையில் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகப் படுத்திருக்கக் கிடைப்பது ஞாயிறு காலை மட்டும்தான். படுத்துவிடுவேன். மத்தியானம் அவர் போட்ட படத்துக்குக் கீழே ஒரு பெருவிரல் குறியைத் தட்டிவிடுவேன். ஏன் வரவில்லை என்று அவர் கேட்டதே இல்லை. அடுத்த கிழமை திரும்பவும் கூப்பிடுவார்.

ஒரு வேலைநாளில், வீட்டு முற்றத்தில் மெசின் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். குழுவில் யாரோ போட்ட செய்தியைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிய வந்தது. பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து போனேன். செத்தவீட்டில் அவருடைய மைத்துனர் நான் யார் என்று கேட்டார்.

"கனோ ஓட்டுற பழக்கம். களுவாஞ்சிகுடியில மருந்துக்கடை."

மைத்துனரின் முகம் மாறியது. கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டுபோய், சொந்தக்காரர் இருந்த வரிசையில் ஒரு கதிரையைப் போட்டு இருத்தினார். கொஞ்ச நேரத்தில் இறந்தவரின் மனைவி வந்து எனக்கு முன்னால் நின்றார்.

"நீங்களா அண்ணன் அது? நீங்க கூடப் போற துணிவுலதான் நான் இவர விட்டனான். நெஞ்சு வருத்தம் வந்த புறகு தனியப் போகப்படாதெண்டு டாக்குத்தர் சொல்லிட்டார். நான் கனோவப் பூட்டி வெச்சிட்டன். அப்பதான் உங்களப் பத்திச் சொன்னவர். மருந்துக்கடைக்காரர் அங்கால இருந்து வாறார், ஒண்டெண்டா அவர் பாத்துக்குவார் எண்டு."

நெஞ்சு வருத்தத்தைப் பற்றி நான் கேள்விப்பட்டதே அப்போதுதான். எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தலையை ஆட்டினேன். ஓம் என்று அவருக்குப் பட்டிருக்கும்.

முப்பத்தோராம் நாள் சடங்கு கழிந்த பிறகு ஒரு ஞாயிறு, மைத்துனர் போன் எடுத்துச் சாப்பிட வரச் சொன்னார். தட்டிக்கழிக்க முடியவில்லை. பிட்டும் மீன்கறியும் வைத்தார்கள். மனைவி பக்கத்தில் நின்று பரிமாறினார்.

"உறைப்புக் குறைச்சுத்தான் வெச்சிரிக்கன். முதல் நாள் கட்டிக் குடுத்த கறி உறைப்பெண்டு நீங்க தின்னயில்லயாமே. அதுக்குப் புறகு உங்களுக்காகக் குறைச்சுத்தான் போடுறனான். இவருக்கு அது புடிக்கிறல்ல, எண்டாலும் ஒண்டும் சொல்ல மாட்டார்."

ஒவ்வொரு ஞாயிறும் வாழையிலையில் இரண்டு பார்சல் கட்டிக் கொடுத்திருக்கிறார். தோள் இப்போது எப்படி என்று கேட்டார். மகளின் பரீட்சை முடிவு வந்துவிட்டதா என்று கேட்டார். முதலைக்கு நான் சரியான பயந்தவனாம், அதனால் நாங்கள் இருவரும் கரையை ஒட்டித்தான் போவோமாம் என்று சொல்லும்போது லேசாகச் சிரித்தார். குழுவில் நான் எழுதியவற்றோடு தன் கற்பனையையும் சேர்த்து, அந்த மனிதர் என்னை முழுதாக உண்டாக்கி வைத்திருந்தார். அவருடைய நான் என்னைவிட நல்லவன். சொன்னால் சொன்னபடி வருகிறவன்.

நான் பிட்டைத் தள்ளி வைத்தேன். மைத்துனர் வெளியே போயிருந்தார்.

"தங்கச்சி, நான் அவரோட ஒருநாளும் போகயில்ல."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. "ஒருநாளுமா?"

"ஒருநாளும்."

கறிச்சட்டியை மூடினார். மூடியைச் சரியாக வைக்கப் பார்த்தார், அது பொருந்தவில்லை. "அப்ப தனியத்தான் போயிருக்கார்," என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "இத ஏன் அண்ணன் எனக்குச் சொன்னீங்க?"

குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே அறிய விரும்பித்தான் கேட்டார். செய்யாத உதவிக்கு அவர் நன்றி சொல்வதைத் தாங்க முடியாமல் சொன்னேன், அவருக்காகச் சொல்லவில்லை. அதுவரைக்கும் அவரிடம் நல்ல ஞாயிறுகள் மிச்சம் இருந்தன. இனி ஒவ்வொன்றிலும், பழுதான நெஞ்சோடு புருசன் கண்டலுக்குள் தனியே நிற்பதை அவர் பார்க்க வேண்டும். அன்று பாலத்தில் வரும்போது வாவிப் பக்கம் திரும்பாமலே வந்தேன்.

சில மாதங்கள் கழித்து அந்த மனிதரின் கணக்கிலிருந்து குழுவில் ஒரு செய்தி வந்தது. கனோவை ஓட்டக்கூடிய யாருக்காவது கொடுக்க வேண்டும் என்று மனைவி எழுதியிருந்தார். மாங்கேணிக்காரர் ஒருவர் முன்வந்தார். கடலோரத்துக்காரர், கனோவுக்குப் புதிது. வெடிப்பை அடைப்பது எப்படி என்று அந்த மனிதரிடம் போனில் கேட்டுப் படித்தவர். பாரம் ஏற்ற ஒரு ஆள் வேண்டும் என்று குழுவில் கேட்டார். நான் வருகிறேன் என்று எழுதி, போனேன்.

கனோவைச் சின்ன லொறியில் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது மனைவி வாசல் படலைக்கு வந்தார். எனக்கு முகம் கொடுக்கமாட்டார் என்று நினைத்திருந்தேன்.

"அண்ணன், ஒண்டு கேக்கட்டா? இவர் உங்களக் கூப்பிட்டவரா?"

"கூப்பிட்டவர். ஒவ்வொரு கிழமையும்."

"அப்ப முழுப் பொய் இல்ல," என்றார். யாரோடோ நெடுநாள் நடந்த வழக்கொன்று தீர்ந்தது போல இருந்தது அவர் முகம். உள்ளே போய் மாங்கேணிக்காரருக்கும் எனக்கும் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார்.

அவருக்கு அதில் ஆறுதல் கிடைத்ததில் எனக்குச் சந்தோசம்தான். ஆனால் அந்த ஆறுதலின் மறுபக்கம் என்னுடையது. மனைவியிடம் சொன்னதை உண்மையாக்கிவிட அந்த மனிதர் கிழமைக்குக் கிழமை முயன்றிருக்கிறார். வாவிக்கு இங்கால் நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருந்தேன்.