கறுப்புச் சட்டையில் பதினேழு புள்ளிகள்

ஜூலை 21, திங்கட்கிழமை மாலை. ஸ்டன்ட் ஆள் இராமதாஸின் கறுப்புச் சட்டையில் பதினேழு வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. நெஞ்சில் ஆறு, வயிற்றில் ஐந்து, தோளில் நான்கு, முழங்கைக்கு மேலே இரண்டு. செந்தமிழ்ச்செல்வி விரல் விட்டு எண்ணி முடித்துவிட்டு, சண்டைப் பயிற்சியாளர் புருஷோத்தமனைப் பார்த்துச் சிரித்தாள்.

“பதினேழு பாயின்ட், மாஸ்டர்!”

மண்டபத்தில் இருந்த எட்டு ஸ்டன்ட் ஆட்களும் திரும்பிப் பார்த்தார்கள். இராமதாஸ் விலாவைத் தேய்த்துக்கொண்டான்.

“யம்மா, பாயின்ட் எடுக்கறதுக்கா உன்னைக் கூப்ட்டேன்? அவன் நாளைக்கும் வேலைக்கு வரணும்மா” என்றார் மாஸ்டர்.

செந்தமிழ்ச்செல்விக்கு வயது முப்பத்தொன்று. நெல்லித்தோப்பில் வீடு. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், பிளாஸ்டிக் டப்பா செய்யும் கம்பெனியில் எட்டு வருடமாகத் தரம் பார்க்கும் வேலை. பன்னிரண்டு வயதிலிருந்து சிலம்பம் ஆடுகிறாள். அவள் ஆடியதெல்லாம் தொடுமுறைப் போட்டி. எதிராளியின் உடம்பைக் கம்பின் நுனியால் தொட்டால் புள்ளி, தொடாவிட்டால் ஒன்றுமில்லை. வீட்டு அலமாரியில் பதினான்கு பதக்கங்கள் தொங்குகின்றன. அவள் ஆடிவந்த பிரிவில் வயது வரம்பு முப்பதோடு முடிந்துவிட்டது. போன வருடம் கடைசிப் போட்டி முடிந்ததும், “இனிமே விசில் ஊதலாம், இல்லன்னா வூட்டுக்குப் போலாம்” என்று கணவனிடம் சொன்னாள். நடுவராக நின்று விசில் ஊத அவளுக்கு விருப்பமில்லை.

அப்போதுதான் இந்தப் படம் ஊருக்கு வந்தது. பிரெஞ்சுக்காரர் காலத்துக் கதை. கப்பலிலிருந்து தப்பி வந்த வாள்வீரன் ஒருவனும் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் பெண் ஒருத்தியும் சேர்ந்து கவர்னரின் பெட்டகத்தைத் தூக்குகிறார்கள். அவன் சண்டை மெல்லிய ஐரோப்பிய வாளில், அவள் சண்டை கம்பில். கடைசியில் மாளிகைப் படிக்கட்டில் ஆறு சிப்பாய்களோடு மோதும்போது ஏழாவது படியில் அவளுடைய கம்பு உடையும். ஒரு சிப்பாயின் வாளைப் பிடுங்கி மிச்சச் சண்டையை அதிலேயே முடிப்பாள். அந்தச் சிப்பாய்தான் இராமதாஸ், அவள் அடிகளில் பெரும்பாலானவை அவனுக்குத்தான். நாயகியாக நடிப்பவருக்குக் கம்பு பிடிக்க வராது. ஐந்தடி நாலங்குலத்தில், கம்பு சுற்றத் தெரிந்த ஒரு பெண் டூப்பாக வேண்டும். விசாரித்தவர்கள் நெல்லித்தோப்பில் வந்து நின்றார்கள்.

ஆடி மாதம் என்பதால் மூலக்குளத்துக் கல்யாண மண்டபம் காலி. அங்கேதான் ஒத்திகை. யார் யார்மேல் படுகிறார்கள் என்று தெரிவதற்காக, எல்லா ஆயுதங்களின் நுனியிலும் சாக்பீஸ் தூளைத் தடவி வைப்பது மாஸ்டரின் வழக்கம். சினிமாச் சண்டையில் வாள் ஒரு சாண் தள்ளிப் போக வேண்டும். அது உடம்பில் இறங்கியதாகக் காட்டுவது கேமராவின் வேலை, அடி வாங்கியதாகத் துள்ளுவது எதிராளியின் வேலை. பத்தொன்பது வருடமாகத் தொட்டே பழகிய கைக்கு அதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன்” என்றார் மாஸ்டர். “அன்னிக்கு இவன் சட்டைல ஒரே ஒரு புள்ளி இருந்தாலும் வேற ஆளு. நல்லா வந்துச்சுன்னா, இந்தப் படத்தோட வுட மாட்டேன். என் டீம்ல எல்லாப் படத்துக்கும் நீ இருப்ப.”

அன்று இரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்று வெற்றிச்செல்வன் சொல்கிறான். அவன் அவளுடைய கணவன், பேக்கரியில் வேலை. விடியற்காலையில் சைக்கிளில் நீள ரொட்டிகளை ஓட்டல்களுக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, நண்பகலுக்குள் வீடு திரும்பிவிடுவான்.

செவ்வாய்க்கிழமை பதினொரு புள்ளி. புதன்கிழமை மூன்று. அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள். மாஸ்டர் தன் போனில் எடுத்த வீடியோவைக் காட்டினார்.

“நீயே பாரு. இன்னா தெரியுது?”

அவள் பார்த்தாள். கம்பு வேகமாகக் கிளம்பி, பாதி வழியில் தயங்கி, கூச்சப்பட்டுத் திரும்பியது.

“கொழந்தைக்குச் சோறு ஊட்ற மாதிரி இருக்கு மாஸ்டர்.”

“அதேதான். திங்கக்கிழமை நீ அடிச்சதுல சண்ட இருந்துச்சு. இப்ப புள்ளி போச்சு, சண்டயும் போச்சு. ரெண்டுல ஒண்ணு எனக்குப் பத்தாது.”

மறுநாள் காலை முதல் ஷிப்டில் அவள் டப்பாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூடிக்கும் டப்பாவுக்கும் நடுவே மெல்லிய தகடு ஒன்றைச் செருகிப் பார்ப்பதுதான் அவள் வேலை. தகடு உள்ளே போனால் டப்பா கழிவுக்குப் போகும். பத்து மணி வாக்கில் கையில் தகட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். பக்கத்து மேசை சுமலதா உலுக்கினாள்.

“இன்னாடி, டப்பாவ மொறைக்கிற?”

“டப்பாவ இல்லக்கா. எட்டு வருஷமா நான் டப்பாவையே பாத்ததில்ல. நடுவுல இருக்கற இடுக்கத்தான் பாக்கறேன்.”

“முத்திப் போச்சு உனக்கு” என்று சொல்லிவிட்டு சுமலதா தன் டப்பாவுக்குத் திரும்பினாள்.

அன்று ஒத்திகை முடிந்து வந்ததும் வெற்றிச்செல்வனை மொட்டை மாடிக்கு இழுத்துப்போனாள். மாலைப் புழுக்கத்தில் அவன் கறுப்பு மழைக்கோட்டு போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. சிப்பாயின் வாளுக்குப் பதிலாகக் கையில் குடைக்கம்பி. கம்பின் நுனிக்கு சாக்பீஸ் தூள் இல்லாததால் பேக்கரியிலிருந்து மைதா. அவனுக்கு ஒரு சாண் முன்னால் துணி காயப்போடும் கயிற்றை இழுத்துக் கட்டினாள். அதிலிருந்து தோள் உயரத்திலும் நெஞ்சு உயரத்திலும் வயிற்று உயரத்திலும் நூல் விட்டு, ஒவ்வொரு நூலின் நுனியிலும் ஒரு துணிக் கிளிப்பைத் தொங்கவிட்டாள்.

“எம்மா தாயே, நான் காலைல ரொட்டி போடப் போவணும். கைகால் இருக்கணும்” என்றான் அவன்.

“அசையாம நில்லுங்க. ஒங்கள அடிக்கப் போறதில்ல. கிளிப்பத்தான் அடிக்கப் போறேன்.”

அவள் கம்பை முழு வேகத்தில் விட்டாள். தயக்கமில்லை, இழுத்துப் பிடிப்பதில்லை. கிளிப்பு பறந்துபோய்ப் பக்கத்து வீட்டு மாடியில் விழுந்தது. வெற்றிச்செல்வன் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தான். கோட்டில் மாவு இல்லை. அடுத்தது, அதற்கும் அடுத்தது. பின்பு கம்பை வைத்துவிட்டு குடைக்கம்பியைப் பிடுங்கிக்கொண்டாள். வாள் கம்பைவிடக் குட்டை, நேராகப் பாய்வது. அதற்காக ஒரு எட்டு முன்னால் வைத்து மறுபடி கிளிப்பையே குத்தினாள். தொடும் பழக்கத்தை அவள் விடவேயில்லை, தொட வேண்டிய இடத்தை மட்டும் ஒரு சாண் நகர்த்திக்கொண்டாள்.

“கிளிப்புங்களுக்கு நாளைக்கு யாரு பதில் சொல்றது?” என்று அடுத்த மாடியிலிருந்து ஒரு குரல் கேட்டது. இருட்டுவதற்குள் இரண்டு டஜன் கிளிப்புகளில் ஐந்துதான் மிஞ்சின.

வெள்ளிக்கிழமை மாலை மண்டபத்து மேடைப் படிகளே மாளிகைப் படிகளாயின. முழுச் சண்டை, நிறுத்தாமல் ஒரு நிமிடம் பத்து விநாடி. மாஸ்டர் அதைப் போனில் எடுத்தார். செந்தமிழ்ச்செல்வி படியில் ஏறினாள். கம்பு வட்டமாகச் சுழன்றது, எதிரே வாள்கள் நேர்கோட்டில் பாய்ந்தன. ஏழாவது படியில் கம்பு உடைந்தது. இராமதாஸின் வாள் அவள் கைக்கு வந்தது. அவன் கடைசிக் குத்து வாங்கி, மூன்று படி உருண்டு, ஒரு காலை உதறி, வேண்டிய அளவுக்குச் செத்துப்போனான். யாரோ கைதட்டினார்கள்.

மாஸ்டர் வருவதற்குள் அவளே குனிந்து அவன் சட்டையைப் பார்த்தாள். நெஞ்சில் இல்லை. வயிற்றில் இல்லை. வலது தோளின் ஓரத்தில் சின்னதாக ஒன்று இருந்தது. இராமதாஸ் படுத்தபடியே அதைப் பார்த்தான். துடைத்தால் போய்விடும், துடைக்க அவன் கை எழுந்தது. அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒண்ணு இருக்கு மாஸ்டர்” என்றாள்.

மாஸ்டர் வந்து குனிந்து பார்த்தார். இராமதாஸ் எழுந்து உட்கார்ந்தான்.

“அது அவங்க இல்ல மாஸ்டர். நாலாவது படில நான் நின்னிருக்கணும். கால் வழுக்கி முன்னால வந்துட்டேன். நானே போய் வாங்கிக்கிட்டேன்.”

“சட்டைல இருந்தா வேற ஆளுன்னு சொன்னேனா இல்லையா?”

“சொன்னீங்க. போன்ல போட்டுப் பாருங்க, அப்பறம் அவங்கள அனுப்புங்க.”

மூன்று முறை போட்டுப் பார்த்தார்கள். நாலாவது படியில் கம்பின் நுனி, மொட்டை மாடியில் வெற்றிச்செல்வனுக்கு முன்னால் கிளிப்பு தொங்கிய அதே தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. இராமதாஸின் செருப்பு வழுக்கியது, தோள் முன்னால் வந்தது. மூன்றாவது முறை பார்க்கும்போது மாஸ்டர் வீடியோவை அந்த இடத்தில் நிறுத்தினார்.

“அப்ப இவனத்தான் மாத்தணும்” என்றார்.

“மாஸ்டர்!” என்று கத்தினான் இராமதாஸ்.

“செருப்பச் சொன்னேன்டா. ரப்பர் அடி போட்டது வாங்கு.” பிறகு செந்தமிழ்ச்செல்வியைப் பார்த்தார். “நீ எப்பம்மா கம்பெனில லீவு சொல்லப் போற?”

மாளிகை இருக்கும் கடற்கரைச் சாலையில் காலை ஏழரை வரை வண்டிகள் ஓடாது. படிக்கட்டுச் சண்டையை அதற்குள் எடுத்தாக வேண்டும். வியாழக்கிழமை ஜூலை 31, விடிகாலை நாலரைக்கு வெற்றிச்செல்வன் ரொட்டி சைக்கிளில் அவளைக் கொண்டுபோய் விடுகிறான். அன்றைய முதல் ஷிப்டில் அவளுடைய டப்பாக்களையும் சுமலதா பார்த்துக்கொள்கிறாள்.