அரைமரத்துக்குக் காமாலை

மேனாம்பேட்டில் நாங்கள் வாங்கிய வீட்டோடு அரைத் தென்னைமரமும் சேர்ந்து வந்தது. மரம் எங்கள் மனைக்கும் பக்கத்து மனைக்கும் நடுவே, எல்லைக்கோட்டின் மேலேயே நின்றது. சுவர் எழுப்பிய கொத்தனாருக்கு மரத்தை வெட்ட மனம் வரவில்லை போலிருக்கிறது. சுவரை மரத்தின் இந்தப் பக்கம் கொண்டுவந்து நிறுத்தி, அந்தப் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்கியிருந்தார். பார்த்தால் மரமும் சுவரில் ஒரு தூண் மாதிரிதான் இருக்கும். காய் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்த வீட்டுக்கு. இதுதான் ஒப்பந்தம். எழுதி வைத்துக்கொள்ளவில்லை, தேவையும் இருக்கவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நான் பக்கத்துத் தொழிற்பேட்டையான எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். என் கணவர் வேறொரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. பாதி நாட்கள் பகலில் தூங்குவார். மீதி நாட்களிலும் தூங்கத்தான் விரும்புவார். பக்கத்து வீட்டு அண்ணனும் எஸ்டேட்டில்தான் பிரஸ் மெஷின் ஓட்டினார். அவருடைய அப்பா அயனம்பாக்கம் ஏரிக்குக் கீழே அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். அண்ணனுக்கு வயலும் பிடிக்காது, மரமும் பிடிக்காது. ஓலை விழுந்தால் இரண்டு வசவு விட்டுவிட்டுத்தான் எடுத்துப் போடுவார். மரத்தின் மேல் உயிராக இருந்தது அவர் மனைவி. அவரை நான் அக்கா என்பேன். அவர் என்னை ‘ஆபீஸம்மா’ என்பார். கோபம் வந்தால் மட்டும் ‘தே தங்கச்சி’.

ஒரு மழைக்காலம் முடிந்த சமயம், காலையில் நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அலறல்.

“ஆபீஸம்மா! ஓடியா! மரம் ரத்தம் கக்குது!”

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். உண்மையாகவே, மரத்தின் அடியில், பட்டை வெடித்திருந்த இடத்திலிருந்து செம்பழுப்பாக ஏதோ கசிந்து, வழிந்து, காய்ந்து போயிருந்தது. புதிதாகவும் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார்.

அவர் வீட்டு அண்ணன் பல்குச்சியோடு வந்து பார்த்தார். “இன்னாத்துக்குக் கத்துற? மரம் அயுகிப் போச்சு. வெட்டிட்டா வேலை முடிஞ்சுது” என்றார்.

“வெட்டுவியா? ரத்தம் வந்துகினு கீது, இவரு வெட்டறாராம்!”

என் கணவரை எழுப்பிக் காட்டினேன். அவரும் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்து, “வெட்டிடலாம்” என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். ஆண்கள் இருவரும் அதற்கு முன்பும் பின்பும் எந்த விஷயத்திலும் இவ்வளவு சீக்கிரம் ஒத்துப்போனதில்லை.

நான் சாயங்காலம் திரும்புவதற்குள் அக்கா தன் பக்கத்து மரப்பாதிக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மஞ்சள் துணி சாத்தியிருந்தார். அடியில் ஒரு செங்கல், அதன் மேல் அகல் விளக்கு. அடுத்த வெள்ளிக்கிழமை தெருவில் பாதிப் பெண்கள் அக்கா வீட்டுக் கொல்லையில் இருந்தார்கள். நாங்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். மரத்தின் எங்கள் பக்கத்துப் பாதி மொட்டையாக இருந்தது. அந்தப் பாதியைப் பார்த்து வந்தவர்களெல்லாம் கொஞ்சம் பரிதாபப்பட்டார்கள். எங்கள் சர்ச் பெண்கள் ஐக்கியத்தில் நான் சொல்லப்போக, அவர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மரத்துக்காக ஜெபித்தார்கள். நோயாளிகள் பட்டியலில் கடைசியாகச் சேர்த்திருந்தார்கள். அதில் எனக்குச் சின்ன மனக்குறைதான்.

ஆனால் ஓலைகள் மஞ்சளாகத் தொங்க ஆரம்பித்தன. குரும்பைகள் கொட்டின. எனக்குப் பொறுக்கவில்லை. அந்தத் தேங்காய்ப் பால் ஊற்றி மீன் குழம்பு வைத்துப் பழகிவிட்டேன். அரைநாள் லீவு போட்டுவிட்டுப் பஸ் பிடித்துப் பூந்தமல்லிக்குப் போய், விவசாய அதிகாரி ஒருவர் முன்னால் உட்கார்ந்தேன். இளைஞர். மேஜை நிறையக் காய்ந்த இலைகள்.

“தென்னையா? எத்தனை ஏக்கர்மா?”

“ஏக்கர் இல்லைங்க சார்.”

“சரி, எத்தனை மரம்?”

“அரைமரம்.”

பேனாவைக் கீழே வைத்தார். எல்லைக்கோடு, கொத்தனார், எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. சாறு எந்த நிறம், எவ்வளவு உயரத்தில் வடிகிறது, அடியில் காளான் முளைத்திருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். காளான் இல்லை என்றதும் முகம் தெளிந்தது.

“அது முளைச்சிருந்தா என்னால ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது. இது அடித்தண்டு அழுகல்மா. ஒரு பூஞ்சணம். மண்ணுக்குள்ள இருந்துகிட்டு வேர் வழியா ஏறி, தண்டை உள்ளேயிருந்து தின்னும். வெளியில வடியறது ரத்தம் இல்ல, மரம் அழுகுற சாறு. இப்பவே பார்த்தா காப்பாத்தலாம்.”

வைத்தியம் இரண்டு வகை. முதலாவது, பென்சில் பருமனில் உயிருள்ள ஒரு வேரைத் தேடி, நுனியைச் சாய்வாகச் சீவி, மருந்துத் தண்ணீர் நிரப்பிய பாலிதீன் பைக்குள் விட்டுக் கட்டிவிட வேண்டும். வேரே உறிஞ்சிக்கொள்ளும். அதற்கு முன்னால் காய்களை எல்லாம் பறித்துவிட வேண்டும், பிறகு ஒன்றரை மாதம் மரத்திலிருந்து எதையும் தின்னக் கூடாது. இரண்டாவது, செம்பு உப்பான மயில்துத்தமும் சுண்ணாம்பும் தனித்தனியாகக் கரைத்துச் சேர்க்கிற போர்டோ கலவை. அதை மரத்தைச் சுற்றி மண் நனைய ஊற்ற வேண்டும். கூடவே வேப்பம்புண்ணாக்கு.

வீட்டுக்கு வந்து வேரைத் தேடினால், எங்கள் பக்கம் முழுக்கத் துணி துவைக்கச் சிமெண்ட் போட்டிருந்தது. தோண்ட இடம் அக்கா வீட்டுப் பக்கம்தான். அதிலும் மண் இளகியிருந்த ஒரே இடம், செங்கல்லும் விளக்கும் இருந்த இடம்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் இடுப்பில் கை வைத்தார்.

“தே தங்கச்சி, உனக்குத் தெரியாது. ஆத்தா எறங்கிகீறா. அம்மை போட்ட ஊட்டுல எவனாச்சும் ஊசி போடுவானா? மருந்து குட்த்தா அவளுக்குக் கோவம் வரும்.”

அவர் சொன்னது அவருடைய நியாயம். நான் அண்ணாந்து பார்த்தேன். மஞ்சள் ஓலைகள் கண்ணில் பட்டன.

“இது அம்மை இல்லக்கா. அம்மைன்னா கொப்புளம் இருக்கணுமே? ஓலையைப் பாருங்க. மஞ்சள். இது காமாலை.”

அக்காவும் அண்ணாந்தார். நெடுநேரம் பார்த்தார். காமாலை என்பது அவருடைய துறை. தெருவில் யாருக்குக் கண் மஞ்சளானாலும் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பவர் அவர்தான்.

“ஆமாம்மே,” என்றார் மெதுவாக. “குருத்து வரைக்கும் மஞ்சள் ஏறிகினு கீது. நான் கவனிக்கவே இல்ல பாரு. காமாலைக்கு மருந்து குட்த்தா தப்பில்ல. ஆனா என் கீழாநெல்லியும் சேத்துத்தான் ஊத்தணும்.”

அதற்கு அதிகாரி தடை எதுவும் சொல்லவில்லையே. சரி என்றேன்.

செங்கல் மரியாதையாக ஒரு முழம் தள்ளி வைக்கப்பட்டது. அண்ணனே முனகிக்கொண்டு தோண்டினார். இளஞ்சிவப்பாக நல்ல வேர் ஒன்று கிடைத்தது. சீவி, பையில் விட்டு, சணலால் கட்டினோம். மண்ணுக்கு மேல் பை குலுங்கிக்கொண்டு நின்றது. மறுநாள் பார்த்தால் பாதிக்கு மேல் காலி.

“குட்ச்சிருச்சு! குட்ச்சிருச்சு!” என்று அக்கா தெருவுக்கே அறிவித்தார்.

அன்றிலிருந்து மரத்துக்கு ‘குளுகோஸ் ஏத்துறாங்க’ என்று பேச்சு. பார்க்க வருகிறவர்கள் ஆஸ்பத்திரி வார்டுக்குள் நுழைவது போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தார்கள். அண்ணனோடு வேலை செய்பவர் ஒருவர் ஷிப்டு முடித்து நேரே வந்து, மரத்தை மேலும் கீழும் பார்த்து, “இன்னா நைனா, டாக்டர் இன்னா சொல்றாரு?” என்று விசாரித்தார். பழக்க தோஷத்தில் ஒரு ரொட்டிப் பொட்டலமும் வாங்கி வந்திருந்தார். மரத்திடம் கொடுக்க முடியாது என்பது அதை நீட்டிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. அப்படியே கையைத் திருப்பி என் கணவரிடம் கொடுத்தார். தூக்கத்திலிருந்து எழுந்து வந்திருந்த என் கணவரும் நோயாளி மாதிரிதான் இருந்தார். வாங்கிக்கொண்டார்.

போர்டோ கலவைக்கு அக்கா வெள்ளிக்கிழமைதான் குறித்தார். இரும்புப் பாத்திரம் ஆகாது என்று அதிகாரி சொல்லியிருந்ததால் பிளாஸ்டிக் டிரம் ஒன்றை இரவல் வாங்கினோம். சுண்ணாம்புக் கரைசலில் மயில்துத்தத் தண்ணீரை நான் ஊற்ற, என் கணவர் குச்சியால் கலக்கினார். மயில் கழுத்து மாதிரி ஒரு நீலம். கொல்லை நிறையப் பெண்கள். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

கலவை சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. இரும்புக் கத்தியை அதில் கொஞ்ச நேரம் முக்கி எடுக்க வேண்டும். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். இன்னும் சேர்க்க வேண்டும். இதை நான் முன்கூட்டியே அந்தக் கூட்டத்துக்கு விளக்கியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை. மீன் அரியும் கத்தியை எடுத்து டிரம்முக்குள் விட்டேன். எடுத்தேன்.

நீலத் தண்ணீரிலிருந்து கத்தி சிவப்பாக வந்தது.

பின்னால் யாரோ, “ஐயோ, கத்தியிலயும் ரத்தம்!” என்றார்கள். அவ்வளவுதான். அக்காவின் தலைமுடி அவிழ்ந்தது. உடம்பு ஆட ஆரம்பித்தது. பெண்கள் குலவை போட்டார்கள். என் கணவர் குச்சியை டிரம்மிலேயே விட்டுவிட்டு எங்கள் பக்கம் வந்து சுவருக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

அக்கா ஆடிக்கொண்டே என் முன்னால் வந்து நின்றார். கண்கள் என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்தன.

“இன்னாடி பண்ற எனக்கு? ஆங்? இன்னாடி கொறை வச்ச எனக்கு?”

நான் ஞாயிறு பள்ளியில் வளர்ந்தவள். அம்மன் நேருக்கு நேர் நின்று கேள்வி கேட்டால் எப்படிப் பதில் சொல்வதென்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. கையில் சிவப்புக் கத்தி வேறு. கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த ஒரே உண்மையைச் சொன்னேன்.

“சுண்ணாம்பு பத்தலைம்மா.”

ஆட்டம் ஒரு நொடி நின்றது.

“அப்ப போடுடி சுண்ணாம்பு!”

போட்டேன். பெண்கள் ஆளுக்கு ஒரு கை அள்ளிப் போட வந்தார்கள். அவர்களைத் தடுத்து நிறுத்துவதே பெரும்பாடாகிவிட்டது. கலக்க ஆள் இல்லாததால் அண்ணன் கலக்கினார். கத்தியைத் தேய்த்துக் கழுவி மறுபடி முக்கி எடுத்தேன். பளபளவென்று இரும்பு இரும்பாகவே வந்தது. அதைப் பார்த்ததும் எழுந்த குலவை ரயில்வே கேட் வரை கேட்டிருக்கும்.

அக்கா தரையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு என்னைப் பார்த்து, “நான் இன்னா சொன்னேன்?” என்றார்.

“சுண்ணாம்பு போடச் சொன்னீங்கக்கா.”

“கரீட்டாத்தான் சொல்லிகீறேன்” என்றார் திருப்தியாக.

அந்த வெள்ளிக்கிழமை கலவை மண்ணில் இறங்கியது. என் கணவரின் கைகள் நீலமாகி, அந்த வாரம் முழுக்கத் தொழிற்சாலை வாசலில் காவல்காரர் அவரை நிறுத்தி நிறுத்தி விசாரித்தாராம். சில மாதம் விட்டு மறுபடி வேருக்கு மருந்து, மறுபடி கலவை, புண்ணாக்கு, கீழாநெல்லி என்று நடந்தது. கசிவு கொஞ்சம் கொஞ்சமாக வற்றி நின்றுவிட்டது. புதிதாக வந்த குருத்து பச்சையாக விரிந்தது. அதைப் பார்த்த அன்று ஆபீஸுக்குத் தாமதமாகிவிட்டது. எனக்குக் கவலையாகவே இல்லை.

நான் போய்ச் சொன்னதும் அதிகாரி தன் மொபெட்டில் கிளம்பி வந்தார். அக்கா அவருக்கு மாலை போட்டு, நெற்றியில் குங்குமம் வைத்து, மரத்தோடு சேர்த்து நிற்கவைத்து ஆரத்தி எடுத்தார். மனிதர் பள்ளிக்கூட போட்டோவுக்கு நிற்பவர் போல விறைப்பாக நின்றார். பிறகு பட்டையைச் சுரண்டிப் பார்த்தார். உலர்ந்திருந்தது.

“ரொம்ப நல்லா தேறியிருக்கு. என்னென்ன செஞ்சீங்க, ஒண்ணுவிடாம சொல்லுங்க” என்றார்.

சொன்னோம். நான் ஒன்று சொல்ல, அக்கா ஒன்று சொல்ல, வேர் மருந்து, போர்டோ கலவை, வேப்பம்புண்ணாக்கு, கீழாநெல்லிச் சாறு, மஞ்சள், கற்பூரம், சர்ச் ஜெபம் எல்லாம் வந்தது. அவர் தலையைச் சொறிந்துகொண்டார்.

“இதுல எதுனால சரியாச்சுன்னு நான் மேலிடத்துக்குச் சொல்றது?”

“எல்லாத்தாலயும்னு சொல்லு சார்,” என்றார் அக்கா. “யாருக்கும் மனசு நோகாது.”

அதற்குப் பிறகு தெருவில் எனக்கு மரியாதை கூடிவிட்டது. வெள்ளைப் பொடி படிந்த ரோஜா இலை, புள்ளி விழுந்த கறிவேப்பிலை, வாடிய கனகாம்பரம் என்று நான் வேலையிலிருந்து வரும் நேரம் பார்த்துக் கேட்டில் காத்திருப்பார்கள். தெரிந்ததைச் சொல்வேன், தெரியாததைப் பொட்டலம் கட்டிப் பூந்தமல்லிக்கு எடுத்துப் போவேன். ஒருநாள் தெருக்கோடி வீட்டுக்காரர் கையில் எதுவும் இல்லாமல் வந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சட்டைக் கையை மேலே சுருட்டிக் காட்டினார். வட்டமாகப் படர்தாமரை.

“இதுவும் பூஞ்சணந்தானாமே, ஆபீஸம்மா? அந்த நீல மருந்து கொஞ்சம் மிச்சம் கீதா?”

அவரை டாக்டரிடம் அனுப்பிவைத்தேன். போகும்போது அவர் முகத்தில் இருந்த ஏமாற்றத்தைப் பார்க்கவேண்டுமே! மரத்துக்குக் கொடுத்த கவனிப்பில் பாதிகூடத் தனக்குக் கிடைக்கவில்லை என்று நினைத்திருப்பார்.