மத்திகை வழக்கு

எங்கள் வீட்டில் யாரும் குதிரை ஏறியதில்லை. அப்பாவுக்கு ஸ்கூட்டரின் பின்னால் உட்காரவே பயம். மாமா கடைசி வரைக்கும் சைக்கிளோடு சரி. அப்படிப்பட்ட இரண்டு பேர் குதிரைச் சவுக்கு ஒன்றின் பெயருக்காக மாதக்கணக்கில் சண்டை போட்டார்கள் என்றால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தவள்.

மாமா என்றால் அத்தையின் கணவர். அத்தை அப்பாவின் ஒரே தங்கை. நான் ஆறாம் வகுப்பு போன வருஷம் காய்ச்சல் என்று படுத்தவர், எழுந்திருக்கவில்லை. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவது பெண்ணோடுதான். அவள் போய்விட்டால், பேரைச் சொல்ல ஒரு பிள்ளையும் இல்லையென்றால், கருமாதிச் சாப்பாட்டோடு அந்தப் போக்குவரத்து நின்றுவிடும். கல்யாணப் பத்திரிகை வைத்தால் வந்து மொய் எழுதிவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான். மாமாவும் இனி அப்படித்தான் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டு நான் அழுதேன். திருவெறும்பூர் தொழிற்சாலையில் பிட்டராக இருந்த மாமா எனக்கென்று கடைசல் பட்டறையில் கொடுத்துப் பம்பரம் செய்து கொண்டுவருவார். அதைவிட, நான் சொல்வதையெல்லாம் நடுவில் குறுக்கிடாமல் கேட்கிற ஒரே பெரிய மனிதர் அவர்தான்.

அப்பாவும் மாமாவும் நேரடியாகப் பேசி நான் பார்த்ததே இல்லை. 'வாங்க மாப்பிள்ளை' என்பார் அப்பா. கிளம்பும்போது 'வரேன் மச்சான்' என்பார் மாமா. நடுவில் உள்ள பேச்சு முழுவதும் அத்தையுடையது. அவர் போனதும் இருவருக்கும் வாயே போய்விட்டது போல ஆகிவிட்டது.

அத்தைக்குக் குறுக்கெழுத்துப் பைத்தியம். அவருக்காக வரவழைத்த வாரப் பத்திரிகையைப் பேப்பர்காரர் வழக்கம்போலப் போட்டுக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொல்ல மாமாவுக்கு மனசு வரவில்லை. கட்டங்களை நிரப்பத் தெரியவும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, துவாக்குடி பஸ்ஸில் சத்திரம் பஸ் ஸ்டாண்டு வந்து, அங்கிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து, ஸ்ரீரங்கத்தில் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"மச்சானுக்குத் தமிழ் நல்லா வரும்னு அவ சொல்லுவா" என்றார்.

அப்பாவுக்கு இதைவிட என்ன வேண்டும்? ராஜகோபுரத்துப் பக்கம் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தாலும் அப்பாவின் மனசு தமிழ் மன்றத்தில்தான் இருந்தது. பல்பு கேட்டு வந்தவர்களிடம் குமிழ்விளக்கு என்று சொல்லி நல்ல வாடிக்கைகளை எதிர்க்கடைக்கு அனுப்பியவர். 'குதிரை வீரனின் சவுக்கு, பழஞ்சொல்' என்று குறிப்பு போட்டு நாலு கட்டம் விட்டிருந்தார்கள். அப்பா கண்ணாடியைக்கூடத் தேடாமல் மத்திகை என்று எழுதினார். ரெண்டாயிரம் வருஷத்துச் சுத்தத் தமிழ்ச் சொல் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். மாமா தலையாட்டிவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு மாமா செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார். "மச்சான், அது தமிழே இல்லையாம். கிரேக்கச் சொல்லாம். எங்க பிளான்ட்ல ஒருத்தர் சொன்னாரு."

சண்டை அன்றைக்குத் தொடங்கியது. குதிரை கடல் தாண்டிக் கப்பலில் வந்தது, குதிரையைக் கொண்டுவந்த யவனன் சவுக்கை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டா வருவான் என்பது மாமாவின் கட்சி. இங்கே இருந்தவன் கையில் கோல் இல்லாமலா வண்டி ஓட்டினான் என்பது அப்பாவின் கட்சி. வாரத்துக்கு ஒரு சொல் கிளம்பியது. சவுக்கு என்பதே பாரசீகம், நவாப் குதிரைப்படையோடு வந்தது என்றார் மாமா. கசை வடமொழி என்று அப்பாவே ஒத்துக்கொண்டார். ஆனால் குதிரைச் சவுக்குக்குப் பழைய தமிழில் சம்மட்டி என்றும் பெயர், அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று மடக்கினார். நாள் முழுக்கச் சம்மட்டியோடு புழங்குகிற மாமாவுக்கு அது பொறுக்கவில்லை.

"சம்மட்டியால அடிச்சா குதிரை என்னத்துக்கு ஆகும் மச்சான்?"

ஒரு நாள் இருவரும் என்னையும் இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய், முன்னங்கால் தூக்கி நிற்கிற கல் குதிரைகளைப் பார்த்தார்கள். ஒரு வீரனின் கையில் இருந்தது பாதி உடைந்துபோயிருந்தது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு இருவரும் அவரவர் கட்சியே ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டே வீடு திரும்பினார்கள். பெருமாளைச் சேவிக்க மறந்துவிட்டோம் என்பது எனக்குப் பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது.

அம்மா மட்டும் இதை ரசிக்கவில்லை. மாமா அம்மாவுக்கு அண்ணன் முறை. "அண்ணன் இந்த வீட்டுப் படி ஏறுறதே பெரிசு. நீங்க வாயக் குடுத்து அவரை விரட்டிடாதீங்க" என்று அப்பாவிடம் கெஞ்சினார். அதைக் கேட்டபின் எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. மாமா தோற்றால் ரோஷப்பட்டு வராமல் போய்விடுவார். ஆகவே மாமா ஜெயிக்க வேண்டும். சண்டையை முடித்துவைப்பது என் பொறுப்பு என்று நானே எடுத்துக்கொண்டேன்.

பள்ளியில் தமிழ் டீச்சரிடம் கேட்டேன். அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டு, யாரிடமோ விசாரித்து வந்து சொன்னார். ஆராய்ச்சி செய்தவர்கள் பலர் அது கிரேக்கத்திலிருந்து வந்த சொல் என்றுதான் கருதுகிறார்களாம். பழைய பாட்டு ஒன்றில் அந்தச் சவுக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு நிற்பதே யவனக் காவலர்கள்தானாம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமா உட்கார்ந்ததும் தீர்ப்பை ஒப்பித்தேன். அப்பா என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். "டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும். நீங்க ஜெயிச்சிட்டீங்க மாப்பிள்ளை" என்றார். ஒரு தோல்வியை அப்பா அவ்வளவு மரியாதையாக ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

மாமா குதிக்கவில்லை. "அப்படியா" என்றார். காபியைக் குடித்தார். அப்பா கட்டங்களை நிரப்பினார், மாமா பார்த்துக்கொண்டிருந்தார். மின்விசிறி சத்தம் கேட்டது. அம்மா வாழைக்காய் வறுத்துக்கொண்டிருக்கும்போதே, வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு மாமா கிளம்பிப் போய்விட்டார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. ஜெயித்தவருக்கு எதற்குக் கோபம் என்று எனக்குப் புரியவேயில்லை. அம்மா அப்பாவைத்தான் முறைத்தார்.

பிறகு ஒரு நாள் அப்பா கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்து, "பாப்பா, சட்டையை மாத்து" என்றார். திருவெறும்பூர் போனோம். மாமா கதவைத் திறந்தார். முகத்தில் சவரம் செய்யாத தாடி. நாற்காலிகளில் இருந்த துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டு எங்களை உட்காரச் சொன்னார். பிரிக்காத பத்திரிகைகள் டிவி மேல் கிடந்தன. அடுப்படியில் ஒரே ஒரு தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது.

அப்பா நலம்கூட விசாரிக்கவில்லை. "மாப்பிள்ளை, அந்த டீச்சர் சொன்னதை நான் ஒத்துக்க முடியாது. அகராதியில மத்திகைக்குப் பூமாலைன்னும் ஒரு பொருள் இருக்கு. பூமாலையையும் யவனன்தான் கப்பல்ல ஏத்திக்கிட்டு வந்தானா?"

மாமா இன்னொரு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அது எப்படி மச்சான்? அது வேற சொல்லு, இது வேற சொல்லா இருந்தா?"

"இருந்தான்னா? ஆதாரம் வேணும்ல."

"ஆதாரம்தானே, கேட்டுக்கிட்டு வரேன். ஞாயித்துக்கிழமை வந்து சொல்றேன். இருங்க, காபி போடறேன்" என்று எழுந்து போனார். சர்க்கரை டப்பா எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. அப்பாவும் உள்ளே போனார். இரண்டு பேரும் டப்பாக்களைத் திறந்து திறந்து மூடுகிற சத்தத்துக்கு நடுவே கப்பலும் பூமாலையும் கேட்டுக்கொண்டிருந்தன.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. நான் கஷ்டப்பட்டு வாங்கி வந்த தீர்ப்பை இரண்டு பேரும் சேர்ந்து தூக்கி எறிந்துவிட்டார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பாவிடம் கேட்டேன்.

"டீச்சர் சொன்னது தப்பாப்பா?"

"சரியாத்தான் இருக்கும் பாப்பா."

"அப்பறம் ஏன் மாமாகிட்ட ஒத்துக்க மாட்டேன்னீங்க?"

அப்பா டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்தார். "ஞாயித்துக்கிழமை மாமா பதில் சொல்ல வருவாருல்ல" என்றார்.

ஒரு பதிலைச் சொல்ல ரெண்டு பஸ் மாறி எதுக்கு வரணும், போன்லயே சொல்லிடலாமே என்றேன் நான்.