காஞ்சி–தாமல் லைட் ரயில்வேயின் ஊழியர் பட்டியல்

காஞ்சிபுரத்திலிருந்து தாமலுக்கு ரயில் ஓடியதே கிடையாது. குமரகுருவுக்கு இது நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்த ரயில் 1927ஆம் வருஷத்து வெள்ளத்தன்று காஞ்சிபுரத்துக்கு எவ்வளவு தாமதமாக வந்து சேர்ந்தது என்று கேட்டால், ஒன்பது மணி நேரம் இருபது நிமிஷம் என்று யோசிக்காமல் சொல்வார். வழியில் கூரம் ஸ்டேஷனில் மாட்டிக்கொண்ட பயணிகளுக்கு யார் வீட்டிலிருந்து கஞ்சி வந்தது என்பதுகூட அவருக்குத் தெரியும். வெள்ளம், கஞ்சி, ரயில் எல்லாமே அவர் கட்டிவிட்ட கதைதான். ஏழு தடிமனான நோட்டுகள் நிறைய எழுதி வைத்திருக்கிறார்.

பிழைப்புக்கு அவர் செய்வது வேறு. பட்டுப்புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டு, அதைத் தறியில் மாட்டும் ஜக்கார்டு அட்டையில் துளைத் துளையாகக் குத்திக் கொடுப்பார். பிள்ளையார்பாளையத்தில் வீட்டின் கீழ்த்தளம் முழுக்க அந்தத் தொழில். மாடியில் ஓர் அறையை ரயில் அடைத்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டடிக்கு எட்டடி பிளைவுட் பலகை, அதன் மேல் விரலகலத் தண்டவாளம், நான்கு ஸ்டேஷன். மேற்கு ஓரத்தில் தாமல் ஏரி. அது பழைய பீரோவிலிருந்து கழற்றிய கண்ணாடி. மனைவி சம்பூர்ணம் அந்தப் பீரோவை இன்னமும் மறக்கவில்லை.

காஞ்சி–தாமல் லைட் ரயில்வே கம்பெனி 1908இல் ஆரம்பித்து 1953இல் மூடப்பட்டது. மொத்தம் ஐந்து எஞ்சின்கள். மூன்றாம் எஞ்சின் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து பழைய விலைக்கு வாங்கியது. கூரத்துப் புளியமரக் கிளை இடித்ததால் அதன் புகைபோக்கியில் ஒரு சாண் வெட்டிவிட்டார்கள். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். கம்பெனிக்கென்று லெட்டர்பேடுகூட உண்டு. அதை அச்சடித்த கல்யாணப் பத்திரிகைக் கடைக்காரர், இந்தக் கம்பெனியில் ஷேர் ஏதாவது கிடைக்குமா என்று நிஜமாகவே விசாரித்தார்.

இந்த வரலாற்றுக்குக் குமரகுரு ஒரு சட்டம் வைத்திருந்தார். எழுதியதை அழிக்கக் கூடாது. அட்டையில் ஒரு துளை தப்பினால் அந்தத் தப்பு புடவை நெடுக வந்துகொண்டே இருக்கும் என்று தெரிந்த மனிதர் அல்லவா, எழுதும்போதே கவனமாக எழுதுவார். அப்படியும் தப்பினால் அதற்கொரு காரணத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். இரண்டாம் எஞ்சினை 1919இல் உடைத்து விற்றுவிட்டதாக எழுதியிருந்தார். பிறகு மறந்துபோய் அதையே 1927 வெள்ளத்தில் ஓட விட்டுவிட்டார். மூன்று நாள் மண்டையைக் குடைந்து, விற்றது வெறும் பாய்லரை மட்டும்தான், பழைய இரும்புக்காரனைக் கம்பெனி ஏமாற்றிவிட்டது என்று முடித்தார். அவருக்கு அதில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே.

எஞ்சின்களைச் செய்தவர் ஜெபகுமார். செவிலிமேட்டுப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிறார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அட்டை குத்தும் மிஷினில் ஒரு தண்டு உடைந்தபோது அதைக் கடைந்து கொடுக்க வந்தார். மாடியில் ஏதோ சத்தம் கேட்கிறதே என்று ஏறிப் பார்த்தவர் சாயங்காலம்தான் இறங்கினார். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல், சர்ச்சு முடிந்து பதினொரு மணிக்கு வந்துவிடுவார். குமரகுரு எஞ்சினின் ஜாதகத்தை எழுதுவார், ஜெபகுமார் பித்தளைத் தகட்டில் அதற்கு உடம்பு செய்வார். ஜெபகுமார் இரண்டு வயது இளையவர். அவர் ‘அண்ணா, நீங்க’ என்பார், இவர் ‘ஜெபா, நீ’ என்பார். அவரவர் வீட்டில் பேசுவதைவிட அதிகமாக இருவரும் ஒருவரோடொருவர் பேசியிருப்பார்கள். அதில் முக்கால்வாசி இல்லாத ரயிலைப் பற்றித்தான்.

போன வருஷம் சென்னையில் பொம்மை ரயில் கட்டுகிறவர்களின் சங்கம் ஒன்று கண்காட்சி வைத்தது. காஞ்சி–தாமல் ரயிலைக் கொண்டுவரச் சொல்லி, கூடவே கம்பெனி வரலாற்றைப் பலகையில் எழுதி வைக்கவும் கேட்டார்கள். குமரகுருவுக்குத் தலைகால் புரியவில்லை. ஐந்தாம் எஞ்சினின் மேற்கூரை மட்டும் பாக்கி, அதை ஜெபகுமார் பார்த்துக்கொள்வார். இவர் ஏழு நோட்டையும் புரட்டி, நாற்பத்தைந்து வருஷத்து ஊழியர்களின் பெயரையெல்லாம் பதவி வாரியாக வரிசைப்படுத்தி, பெரிய பலகையாக அச்சடித்துச் சுவரில் சாய்த்து வைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெபகுமார் வந்ததும் பலகை முன்னால் நின்றார். மேலிருந்து கீழே படித்தார். மேலே ஏஜெண்டு குமாரசாமி. ஏஜெண்டு என்றால் அந்தக் காலத்து ரயில் கம்பெனியின் தலைமை அதிகாரி. குமாரசாமி என்பது குமரகுருவின் சொந்தத் தாத்தா பெயர். பிறகு டைரக்டர்கள், ஸ்டேஷன் மாஸ்டர்கள், டிரைவர்கள், கார்டுகள். கடைசி இரண்டு வரியில் கரி சுமப்பவர் சின்னப்பையன், தண்டவாளக் கூலிகள் ஏசடியான், மாரி, அந்தோணி.

படித்து முடித்து, மறுபடி மேலிருந்து படித்தார். பிறகு, எங்கள் ஆட்கள் எல்லாரும் கடைசி இரண்டு வரியில்தான் இருக்கிறார்களா என்று கேட்டார். குமரகுரு அதற்கு முன் இதைக் கவனித்ததே இல்லை. ஏழு நோட்டில் அங்கங்கே சிதறிக் கிடந்தபோது கண்ணில் படாதது, ஒரே பலகையில் வந்ததும் பளிச்சென்று தெரிந்தது. தெரிந்த பிறகாவது சும்மா இருந்திருக்கலாம். அவர் வாய் அவரைக் கேட்காமலே பதில் சொல்லிவிட்டது.

“அந்தக் காலத்துல அப்டித்தானே ஜெபா இருந்துச்சு. படிக்கிறவன் நம்பற மாதிரி இருக்கணும் இல்ல?”

ஜெபகுமார் சத்தம் போடவில்லை. கையிலிருந்த அரத்தை மேஜை மேல் வைத்தார்.

“இல்லாத ரயிலுணா இது. சிலோன்லருந்து எஞ்சின் வருது, நம்பறோம். உங்க தாத்தா தறிக்குழிலருந்து எந்திரிச்சு ஏஜெண்டு ஆவறாரு, அதையும் நம்பறோம். ஒரு ஆளு கரிக்கூடைய கீழ வெச்சிட்டு எஞ்சின் மேல ஏறுறது மட்டும் நம்ப முடியலியா?”

குமரகுருவின் கண் பலகையின் கடைசி வரிகளுக்குப் போயிற்று. ஜெபகுமார் தொடர்ந்தார்.

“எங்க தாத்தா பேரு சின்னப்பையன். அரக்கோணம் ஷெட்ல பயர்மேனா சேந்தாரு. டிரைவரா ரிட்டையர் ஆனாரு.”

அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். கூரையில்லாத ஐந்தாம் எஞ்சின் மேஜை மேலேயே நின்றது.

சின்னப்பையன் என்ற பெயரைக் குமரகுரு எங்கிருந்து எடுத்தார்? எங்கிருந்தும் எடுக்கவில்லை. கரி சுமக்கிறவனுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று யோசித்தபோது தானாக வந்த பெயர் அது. ஏன் அது தானாக வந்தது என்று இப்போது நினைக்க நினைக்க அவருக்கு உடம்பு கூசியது. நோட்டுகளை எடுத்துத் தேடினார். சின்னப்பையன் ஒன்பது இடத்தில் வருகிறான். எட்டில் கரி சுமக்கிறான். ஒன்பதாவது, வெள்ளம். இடுப்பளவு தண்ணீரில் நின்று தண்டவாளத்தின் மேல் ஏறிய மணலை விடிய விடிய வாரிப் போடுகிறான். ரயில் வந்து சேர்ந்ததும் ஏஜெண்டு குமாரசாமி அவனைக் கூப்பிட்டு ஒரு வேட்டி கொடுக்கிறார். எழுதிய அன்று குமரகுரு அந்த இடத்தில் கண் கலங்கியிருந்தார். தன் தாத்தா எவ்வளவு நல்லவர் என்று மனம் நிறைந்திருந்தது. இப்போது அதே பக்கத்தைப் படிக்க முடியாமல் நோட்டை மூடினார்.

அடுத்த ஞாயிறு ஜெபகுமார் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. போன் அடித்தால் எடுத்து, வேலை இருக்குதுணா என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிடுவார். அந்த மரியாதைதான் குமரகுருவைக் கொன்றது. சென்னைக்காரர்களுக்கு வரவில்லை என்று எழுதிப் போட்டார். இருபத்திரண்டு வருஷத்துச் சிநேகம் போய்விடுமோ என்ற பயத்தின் முன்னால் கண்காட்சி அவருக்கு ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை. பதினொரு மணி ஆனால் காது தானாக மாடிப்படிப் பக்கம் போயிற்று.

“வீட்டுக்குப் போயி பாத்துட்டு வாங்களேன். அவரு வீடு எங்க இருக்குது?” என்று கேட்டாள் சம்பூர்ணம்.

தெரியாது. பட்டறை தெரியும். மனைவி பெயர் சுகாசினி என்று தெரியும். பெண்ணுக்கு வேலூரில் நர்ஸ் வேலை கிடைத்தபோது இனிப்பு கொண்டுவந்து கொடுத்தது நினைவிருக்கிறது. ஆனால் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. ஜெபகுமார்தான் எப்போதும் வருவார். தாமல் ஸ்டேஷன் மாஸ்டரின் வீட்டுக்குப் பின்னால் எத்தனை முருங்கைமரம் என்று எழுதி வைத்திருக்கும் மனிதருக்கு இது தெரியவில்லை.

மறுநாள் பட்டறைக்குப் போனார். போவதற்கு முன் ஒரு வேலை செய்தார். தன் சட்டத்தைத் தானே மீறி, சின்னப்பையனை டிரைவர் வரிசையில் ஏற்றிப் பட்டியலைப் புதிதாக அச்சடித்துக்கொண்டார். ஜெபகுமார் லேத்தை நிறுத்திவிட்டு, எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அதைப் படித்தார்.

“நீங்க பாத்துக் குடுக்கற ப்ரமோஷன் வேணாம்ணா” என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

நியாயம்தானே? அந்த வேட்டியும் இந்தப் பதவியும் ஒரே கையிலிருந்துதான் வருகின்றன. குமரகுருவுக்கும் அது அப்போதே உறைத்தது. பையிலிருந்து 1927ஆம் வருஷத்து நோட்டை எடுத்து லேத்துக்குப் பக்கத்தில் வைத்தார். இதுவரை அதில் இன்னொருவர் கை ஒரு எழுத்து எழுதியதில்லை. நீயே எழுது என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டார்.

இரண்டு ஞாயிறு போயிற்று. மூன்றாவது ஞாயிறு பதினொன்றே காலுக்குப் படியில் சத்தம் கேட்டது. ஜெபகுமார் வந்து நோட்டை மேஜை மேல் வைத்தார். வெள்ளத்துக்கு அடுத்த பக்கத்தில், லேத்துக்காரரின் கெட்டிக் கையெழுத்தில் ஒரு கடிதம் இருந்தது. உட்காராமல் நின்றபடியே, படிங்கணா என்றார்.

“ஏஜெண்டு துரை அவர்கள் சமூகத்துக்குக் கரி சுமக்கும் சின்னப்பையன் எழுதிக்கொள்வது. வெள்ளத்தன்று டிரைவர் பயந்து கூரத்தில் இறங்கிக்கொண்டார். அங்கிருந்து வண்டியைக் காஞ்சிபுரத்துக்கு ஓட்டி வந்தவன் நான். இது வண்டியில் இருந்த எல்லோருக்கும் தெரியும். உங்கள் புத்தகத்தில் மட்டும் இல்லை. அரக்கோணத்தில் ஆள் எடுக்கிறார்கள். எனக்கு எஞ்சின் ஓட்டத் தெரியும் என்பதால் அங்கே போகிறேன். தாங்கள் கொடுத்த வேட்டியை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நான் அதை உடுத்தவில்லை.”

குமரகுரு இரண்டு தடவை படித்தார். எங்கேயாவது முன்னுக்குப்பின் இடிக்கிறதா என்று பழக்கத்தில் கண் தேடியது. இடிக்கவில்லை.

“வெள்ளத்துக்கு அப்புறம் அவர நீங்க எங்கியுமே எழுதலணா. மத்த ஆறு நோட்டுலயும் தேடிப் பாத்திருக்கேன், எத்தினியோ வருஷம் முன்னாடியே. அடிக்கடி நீங்க கீழ போவீங்க இல்ல, அப்போ” என்றார் ஜெபகுமார்.

அப்படியென்றால் பலகைக்கு எத்தனையோ வருஷம் முன்பே அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும், தாத்தா அடுத்த நோட்டிலாவது வருவார் என்று வாராவாரம் வந்துகொண்டிருந்திருக்கிறார். குமரகுரு அலமாரியிலிருந்து கம்பெனி லெட்டர்பேடை எடுத்தார். வாயால் சொல்ல முடியாததை ஏஜெண்டு குமாரசாமியின் பெயரால் எழுத முடிந்தது.

“சின்னப்பையன் அவர்களுக்கு. உங்கள் கடிதமும் வேட்டியும் வந்து சேர்ந்தன. அன்று வண்டியை ஓட்டி வந்தவர் யார் என்று நான் ஒருவரையும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். வேட்டி கொடுத்ததற்காக வெட்கப்படுகிறேன். உங்களைப் போன்ற ஒரு டிரைவரை இழந்தது எங்கள் குற்றம். ராஜினாமாவை ஏற்றுக்கொள்கிறேன்.”

கையெழுத்துப் போட்டு நீட்டினார். ஜெபகுமார் அதை வாங்கி ஜன்னல் பக்கம் போய்ப் படித்தார். முதுகு மட்டும்தான் குமரகுருவுக்குத் தெரிந்தது. பிறகு காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். தாத்தா போட்டோவுக்குப் பின்னால் வைக்கப் போவதாகச் சொன்னார். மேஜை மேல் இருந்த ஐந்தாம் எஞ்சினை எடுத்துத் தூசி ஊதினார், கூரைக்குத் தகடு பட்டறையிலேயே கிடக்கிறது என்றார்.

அப்போ அடுத்த ஞாயிறு கொண்டு வருவியா என்று குமரகுரு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“இல்லணா. அடுத்த ஞாயிறு நீங்க வாங்க. சுகாசினி இருபத்திரண்டு வருஷமா கேட்டுக்கினு இருக்குது.”

குமரகுரு லெட்டர்பேடில் இன்னொரு தாளைத் திருப்பி, பேனாவைத் திறந்து, தெருப் பெயர் என்ன என்று கேட்டார்.