தூரத்துத் தீவுப் பொடியன்

போன சனிக்கிழமை மத்தியானம் தொலைபேசியில் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். ஏனென்றால் என் வீட்டில் ஒருவரும் நம்புகிறார்கள் இல்லை.

அழைத்தவர் பாலா அத்தான். என் மனைவி ராணியின் மூத்த அண்ணர், ஸ்கார்பரோவில் இருக்கிறார்; நாங்கள் மொன்றியலில். எங்கள் குடும்பத்தில் கலியாணமோ வீடு குடிபூரலோ அவர் தலையாட்டினால்தான் நடக்கும். அவருடைய அழைப்பு வந்தால் நான் எழுந்து நின்றுதான் கதைப்பேன். அது அவருக்குத் தெரியாது. என் முழங்காலுக்குத் தெரியும்.

"என்ன மச்சான், மகள் மதுராவுக்குக் கலியாணம் சரிவந்திட்டுதாம். ஊருலகம் எல்லாம் தெரியுது, எனக்கு மட்டும் சொல்லேல்லை."

"சொல்லத்தான் இருந்தனான் அத்தான்."

"பொடியன் எவடம்?"

எவடம்! எந்த இடம் என்று அர்த்தம். யாழ்ப்பாணத்தான் கேட்கிற கேள்விகளிலேயே சின்னது இதுதான். ஆனால் ஊர், கோயில், பள்ளிக்கூடம், வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிற மற்ற எல்லாமும் அதற்குள் அடங்கும்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'பொடியனின் பெயர் கொலின். லொங்குய்யில் மதுரா வேலை செய்கிற அதே அலுவலகம். பிறந்தது செயின்ட் ஹெலினா. தமிழர் இல்லை' என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்று நாளாக ஒத்திகையும் பார்த்திருந்தேன். ஆனால் அத்தானின் குரலைக் கேட்டதும் என் வாய் தன்பாட்டில் ஒரேயொரு சொல்லைத்தான் சொன்னது.

"தீவு, அத்தான்."

அந்தப் பக்கம் ஒரு நீண்ட பெருமூச்சு.

"திரும்பவும் தீவோ..."

'திரும்பவும்' என்றது என்னைத்தான். நான் வேலணை. யாழ்ப்பாணத்துக்கு வெளியே உள்ள வாசகர்களுக்காகச் சொல்கிறேன் — வேலணைக்குப் பாலம் இருக்கிறது, அதில் பஸ் போகிறது, ஆனாலும் நாங்கள் தீவார். எங்களுக்குப் பெண் கொடுப்பதென்றால் அந்தக் காலத்தில் ஏதோ கப்பலேற்றி அனுப்புவதுபோல ஒரு முகம் வைத்துக்கொள்வார்கள். பாலா அத்தானின் முகம் இன்னும் முழுதாக மாறவில்லை.

"எந்தத் தீவு? வேலணையோ?"

"இல்லை... அதைவிடத் தூரம்."

"புங்குடுதீவோ?"

"இன்னும் தூரம்."

"அப்ப நெடுந்தீவு. அங்காலை கடல்தானே."

"கடல்தான் அத்தான். நாலு பக்கமும்."

இந்த இடத்தில் நான் மறுத்திருக்கலாம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் விடவில்லையே. நெடுந்தீவைப் பற்றித் தனக்கும் தெரியும் என்று காட்ட வேண்டாமா?

"அங்கை ஒரு கோட்டை இருக்கல்லோ?"

"இருக்கு."

"போத்துக்கீசன்ரை காலத்துக் கதையள் எல்லாம் சொல்லுவினம்."

"ஓம். முதல் வந்தவன் போத்துக்கீசன்தான். பேந்து ஒல்லாந்தன். கடைசியா இங்கிலீசுக்காரன்."

"அதுதானே. ஒரு அரசனும் இருந்தவராம்."

"இருந்தவர். வீடு இப்பவும் இருக்கு. சமாதியும் இருக்கு. உடம்புதான் இல்லை."

"உடம்பு எங்கை?"

"பாரிசுக்குக் கொண்டு போட்டினம்."

"அது சரி. தீவுச் சனம் முழுக்கப் பாரிசிலைதானே."

சமையலறையில் ராணி அகப்பையோடு நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அகப்பையிலிருந்து சாம்பார் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் கவனிக்கவில்லை.

வாசகர்களே, சொல்லுங்கள். இதில் எது பொய்?

அந்த அரசன் பிரெஞ்சுச் சக்கரவர்த்தி. கியூபெக்கில் இருந்துகொண்டு பெயர் வேறு சொல்ல வேண்டுமா? போரில் தோற்றவரை இங்கிலீசுக்காரர் கொண்டுபோய் இந்தத் தீவில்தான் வைத்தார்கள். அங்கேயே செத்துப்போனார். கல்லில் என்ன பெயர் வெட்டுவது என்று இரண்டு பகுதிக்கும் வாக்குவாதம் வந்து, கடைசியில் ஒன்றுமே வெட்டாமல் மூடிவிட்டார்கள். வருஷங்கள் கழித்து உடம்பைப் பாரிசுக்கு எடுத்துப்போய்விட்டார்கள். இப்போது அங்கே இருப்பது பெயரும் இல்லாத, ஆளும் இல்லாத ஒரு சமாதி. சனம் அதையும் போய்ப் பார்க்கிறது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். என் சமூகக்கல்விப் புத்தகம் இந்து சமுத்திரத்தோடு முடிந்துபோனது. ஆனால் கவலை என்று ஒரு வாத்தியார் இருக்கிறாரே... அவர் படிப்பிக்காத பாடம் இல்லை.

மதுரா முதன்முதல் விஷயத்தைச் சொன்ன நாளிலிருந்து எனக்கு அவர்தான் வகுப்பு எடுக்கிறார்.

"அவர் ஒரு செயின்ட், அப்பா" என்றாள் மதுரா அன்றைக்கு.

ராணிக்கு நெஞ்சு பதறிவிட்டது. "சாமியாரோ? அப்ப கலியாணம் கட்டலாமோ?"

"இல்லையம்மா. அந்தத் தீவு ஆக்களை அப்பிடித்தான் சொல்லுறது. செயின்ட்ஸ்."

அது சரி, மொன்றியலில் செயின்ட் இல்லாத தெரு ஏது? நாங்கள் இருப்பதே செயின்ட்-மிஷேலில். ஒரு செயின்ட் கூடினால் என்ன என்று மனதைத் தேற்றிக்கொண்டு, மெற்றோவில் வேலைக்குப் போகிற நேரமெல்லாம் தொலைபேசியில் அந்தத் தீவைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

வாசிக்க வாசிக்க வாத்தியாரின் பாடம் கூடிக்கொண்டே போனது.

வரைபடத்தில் அது தீவாகவே தெரியாது. ஆபிரிக்காவுக்கும் தென்னமெரிக்காவுக்கும் நடுவில், இலையான், அதாவது ஈ, இருந்துவிட்டுப் போன மாதிரி ஒரு புள்ளி. முன்பெல்லாம் கப்பலில் நாட்கணக்காகப் போக வேண்டுமாம். இப்போது விமான நிலையம் கட்டியிருக்கிறார்கள். எங்கே? மலை விளிம்பில். காற்று சுழற்றி அடித்தால் விமானம் இறங்காமல் திரும்பிப் போய்விடுமாம். நான் லொங்குய்க்குப் போகிற மஞ்சள் லைன் மெற்றோவிலேயே, மேலே ஆறு ஓடுகிறது என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறவன்.

நகரம் இரண்டு மலைகளுக்கு இடுக்கில் நெரிந்துகொண்டு கிடக்கிறது. அதிலிருந்து மேலே ஏற நேர்குத்தாக ஒரு படிக்கட்டு — நூற்றுக்கணக்கான படிகள். சம்பந்தி வீட்டுக்குப் பலகாரத் தட்டோடு யார் ஏறுவது?

கொலின் ஒருநாள் தன் தொலைபேசியில் படங்கள் காட்டினார். கடலில் இருந்து பார்த்தால் அந்தத் தீவு அடிப்பிடித்த சட்டியைக் கவிழ்த்து வைத்ததுபோல இருக்கிறது. ஒரு புல்லில்லை. கறுப்பும் செம்மண்ணுமாகச் செங்குத்துப் பாறை. உள்ளே போனால் — வேறு உலகம். மலையுச்சியில் பனிமூட்டம், மரமளவு வளர்ந்த பன்னச்செடிகள், பச்சை என்றால் அப்படியொரு பச்சை. ஆளுநர் வீட்டுப் புல்வெளியில் ஓர் ஆமை நிற்கிறது. கொலினின் பூட்டனுக்கும் மூத்ததாம். கண் தெரியாது. ஆனாலும் நன்றாகச் சாப்பிடுகிறதாம். கவலையில்லாதவர்கள் அப்படித்தான், கனகாலம் இருப்பார்கள்.

அங்கே எனக்கு மிகவும் பிடித்தவர் சக்கரவர்த்தி இல்லை. அவருக்கும் முந்நூறு வருஷம் முந்திய ஒரு போத்துக்கீசச் சிப்பாய். கோவாவில் பக்கம் மாறினான் என்று பிடித்து மூக்கையும் காதையும் அறுத்துவிட்டார்கள். ஊருக்குத் திரும்புகிற வழியில் இந்தத் தீவில் இறங்கி ஒளித்துக்கொண்டான். மனுசர் ஒருவரும் இல்லை. கடலில் தத்தளித்த ஒரு சேவலைக் காப்பாற்றினானாம். பிறகு அவன் போகிற இடமெல்லாம் அதுவும் பின்னால் போகுமாம். கப்பல் வந்தால் காட்டுக்குள் ஓடிவிடுவான். மாலுமிகள் சாப்பாடும் உடுப்பும் கரையில் வைத்துவிட்டுப் போவார்களாம்.

பாலா அத்தானின் இலக்கம் தொலைபேசியில் மின்னுகிறபோதெல்லாம் எனக்கு அந்தச் சிப்பாயின் ஞாபகம் வருகிறது. சேவலுக்குப் பதில் எனக்கு ராணி. அவள் பின்னால் வருவதில்லை, முன்னால் நின்று மறிப்பாள். அதுதான் வித்தியாசம்.

சனிக்கிழமைக்கு வருகிறேன். அடுத்த கிழமை வந்து பொடியனைப் பார்ப்பதாக அத்தான் சொன்னார். நான் தொலைபேசியை வைத்ததும் மதுரா தன் அறைக் கதவில் நின்றாள். முழுவதையும் கேட்டிருக்கிறாள்.

"அப்பா, மாமாவுக்கு என்ன சொன்னனீங்கள்?"

"உண்மைதான் பிள்ளை. ஒண்டு விடாமல் உண்மை."

"அதுதான் மோசம்."

அவள் கத்துகிற பிள்ளை இல்லை. கத்தினால் சமாளிக்கலாம். மெல்லமாகத்தான் சொன்னாள்.

"கொலினைச் சொல்ல உங்களுக்கு வெட்கமோ?"

"வெட்கமில்லை பிள்ளை. பயம்."

"எழுத்துக்கு நீங்கள் சாட்சி. சாட்சி எண்டால் உண்மையைச் சொல்லுற ஆள்தானே? மாமா வரேக்கை, கொலினுக்கு முன்னாலை நீங்களே சொல்லுங்கோ. இல்லாட்டில் நான் ஒஃபிஸிலை ஆரையும் கூட்டிக்கொண்டு போறன்."

எழுத்து என்பது கலியாணப் பதிவு. வருகிற வெள்ளிக்கிழமை லொங்குய்யில். சாட்சிக் கையெழுத்துக்கு இரண்டு பேர் வேண்டும். கொலின் பக்கம் ஒரு நண்பர். மதுரா பக்கம் நான். எங்கள் வீட்டில் ஏ.எல். வரை படித்தவள் ராணி. பிரெஞ்சும் அவளுக்குத்தான் கொஞ்சம் ஓடும். ஆனாலும் பிள்ளை கேட்டது என்னை. அவள் கேட்ட அன்று நான் 'பாப்பம்' என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய் முகம் கழுவினேன். ஒரு தடவைக்கு மேல் கழுவ வேண்டியிருந்தது.

அந்தக் கையெழுத்து இப்போது 'ஒஃபிஸிலை ஆரையும்' என்கிற ஒருவருக்குப் போகப் பார்க்கிறது.

நேற்று முன்தினம் பின்னேரம் பாலா அத்தான் வந்து இறங்கினார். தானே கார் ஓட்டிக்கொண்டு, ஒரு பெட்டி கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தோடு. ராணி கட்லட் பொரித்தாள். சிறிது நேரத்தில் கொலினும் மதுராவும் வந்தார்கள்.

இங்கே ஒரு விஷயம். அந்தத் தீவுச் சனம் ஒரு நிறமில்லை. முந்தி இங்கிலீசுக் கம்பெனிக்காரர் ஆபிரிக்கா, மடகஸ்கார், இந்தியா, சீனா என்று எங்கெங்கிருந்தோ கொண்டுவந்து இறக்கிய ஆட்களின் வழி. கொலின் நல்ல மாநிறம், சுருள் தலைமயிர். பாலா அத்தான் ஏற இறங்கப் பார்த்தார். ஒரு சந்தேகமும் வரவில்லை. நேரே தமிழில் தொடங்கிவிட்டார்.

"இருங்கோ தம்பி. அப்பா அம்மா எல்லாம் அங்கைதானோ?"

"ஓம்" என்றார் கொலின்.

மதுரா அவருக்கு முதல்முதல் படிப்பித்த சொல் அது. இதுவரை அதுதான் கடைசிச் சொல்லும்.

"அவைக்குத் தோட்டமோ, தொழில் கடலோ?"

"ஓம்."

"ரெண்டும்" என்று அத்தான் தலையாட்டினார். "நெடுந்தீவிலை கிழக்கோ, மேற்கோ?"

"ஓம்."

அத்தான் என் பக்கம் சாய்ந்தார். "மரியாதையான பொடியன். ஆனா கதை குறைவு."

மதுரா என்னைப் பார்த்தாள். கோபமில்லை, கண் காட்டவும் இல்லை. சும்மா பார்த்தாள். கட்லட் தட்டை மேசையில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, மறுபடி பார்த்தாள்.

நான் எழுந்தேன். காட்டுக்குள் ஓட முடியாது, குளியலறையில் ராணி உடுப்புக் காயப்போட்டிருந்தாள்.

"அத்தான்... பொடியன் நெடுந்தீவில்லை."

"அப்ப?"

"செயின்ட் ஹெலினா. அத்லாந்திக் சமுத்திரம். தமிழர் இல்லை. நல்ல பிள்ளை."

"நீர் நெடுந்தீவெண்டல்லோ சொன்னனீர்."

"நீங்கள்தான் சொன்னனீங்கள். நான் மறுக்கேல்லை. அது என்ரை பிழை. பயத்திலை செய்தனான். பிள்ளையிலை ஒரு பிழையுமில்லை. நான்தான் அவளுக்குச் சாட்சி, அதுதான் சொல்லுறன்."

கதை எங்கே போகிறது என்று கொலினுக்கு விளங்கவில்லை. ஆனால் தன்னைப் பற்றித்தான் என்று விளங்கியிருக்க வேண்டும். கையிலிருந்த கட்லட்டைக் கடிக்காமல் நிமிர்ந்து இருந்தார்.

பாலா அத்தான் மேசையைப் பார்த்தார். மாம்பழப் பெட்டியைப் பார்த்தார். எடுத்துக்கொண்டு எழும்பிவிடுவாரோ என்று நினைத்தேன்.

"இங்கிலீசுக்காரன்ரை தீவோ?"

"ஓம். இப்பவும்."

"பாஸ்போட்?"

"பிரிட்டிஷ்."

அத்தான் கதிரையில் சாய்ந்து, நெஞ்சில் கை வைத்து, மூச்சை விட்டார்.

"ஐயோ மச்சான்... மருமகன் நெடுந்தீவெண்டு ஸ்கார்பரோச் சனத்துக்கு என்னெண்டு சொல்லுறதெண்டு, இந்தக் கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கேல்லை. இதை முதலே சொல்லியிருக்கலாமே."

எனக்குச் சிரிப்பதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை. எத்தனை வருஷமாக நான் பயந்த மனுசனும் என்னைப்போலவே ஒரு கிழமையாகச் சாப்பிடாமல் இருந்திருக்கிறார். அதுவும் எதற்கு? நாங்கள் இப்படித்தான்... ஒரு துண்டுக் கடலைத் தாண்டி வந்தவன் தீவான். சமுத்திரத்தையே தாண்டி வந்தவன் மாப்பிள்ளை. கிட்ட இருக்கிறவனிடம்தானே நாங்கள் எவடம் என்று கேட்டு அளக்கலாம். தூரத்தில் இருக்கிறவனை அளக்க எங்களிடம் முழக்கோல் இல்லை.

"ஆனா ஒண்டு" என்று அத்தான் விரலை நீட்டினார். "இனி ஆர் கேட்டாலும் தீவெண்டு சொல்லாதையும். ஐலண்ட் எண்டு சொல்லும்."

"அப்ப வேலணையிலை பிறந்த இவரும் ஐலண்டோ, அண்ணை?" என்றாள் ராணி சமையலறையிலிருந்து.

அத்தான் இன்னொரு கட்லட் எடுத்தார். பிறகு கொலின் பக்கம் திரும்பி, தன் இங்கிலீசில், அந்த ஆமை என்ன சாப்பிடும் என்று விசாரிக்கத் தொடங்கினார். ஆமைக்கதையை நான் அவருக்குச் சொல்லவே இல்லை. செயின்ட் ஹெலினா என்றதும் மேசைக்குக் கீழே தொலைபேசியில் தேடியிருக்கிறார். கவலை வாத்தியாருக்கு ஸ்கார்பரோவிலும் வகுப்பு இருக்கிறது.

மதுரா வெற்றுத் தட்டோடு என்னைக் கடந்து போனாள். போகிற போக்கில் நின்றாள்.

"வெள்ளிக்கிழமை காலமை, அப்பா. பிந்தாதேங்கோ. மாமாவை அங்கை கதைக்க விடாதேங்கோ."

அவ்வளவுதான் சொன்னாள். எனக்குப் போதும். மஞ்சள் லைனில் கண்ணைத் திறந்துகொண்டே போவதென்று முடிவு செய்திருக்கிறேன்.

கையெழுத்து நீல மையிலா, கறுப்பு மையிலா என்றுதான் ஒருவரும் சொல்கிறார்கள் இல்லை.