நூறு ரூபாய்த் தாளுக்கு எடுத்த துணி

அந்த நூறு ரூபாய்த் தாள்களில் கற்பூரம் மணக்கும். அம்மா அவற்றைத் தன் கலியாணக் கூறைச்சேலையின் மடிப்புக்குள் வைத்து, கரப்பான் அரித்துவிடக் கூடாதென்று ஒரு கற்பூரக் கட்டியையும் சேர்த்துப் பொதிந்து, நாங்கள் ‘றங்குப்பெட்டி’ என்று சொல்லும் தகரப் பெட்டியின் அடியில் பூட்டியிருந்தார். கதிரவெளியில் கடலோரமாக இருந்தது எங்கள் ஓலை வீடு. அம்மாவுக்குச் சீதனமாக வந்த வயலை விற்ற காசு அது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் செய்வார்கள். அக்காவுக்கு மாப்பிள்ளை பேசியாகிவிட்டது. கல்வீடு கட்டி முடிந்ததும் கலியாணம் என்று ஏற்பாடு.

நான் ஐந்தாம் வகுப்பில் படித்த வருடம், மாரி மழை தொடங்குகிற நாட்களில், கூட்டுறவுச் சங்கக்கடை றேடியோவில் அந்தச் செய்தி வந்தது. நூறு ரூபாய், ஐம்பது ரூபாய்த் தாள்கள் இன்னும் சில நாட்களில் செல்லாது. வைத்திருப்பவர்கள் வங்கியில் ஒப்படைக்க வேண்டும். கேட்டுவிட்டு ஓடிவந்த அப்பா, தோளில் கிடந்த வலையை இறக்காமலே அதைச் சொன்னார்.

ஒப்படைப்பதில்தான் சிக்கல். வயலை வாங்கியவர் முத்திரைச் செலவைக் குறைக்க விரும்பியதால், உறுதிப் பத்திரத்தில் பாதி விலைதான் எழுதப்பட்டிருந்தது. அந்தப் பாதியை அப்பா மட்டக்களப்புக்குப் போய் வங்கியில் கட்டிவிட்டார். மற்றப் பாதியைக் கொண்டுபோனால் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள், பிடித்து உள்ளே போடுவார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. நடுக்கடலில் காற்றுக்குப் பயப்படாத அப்பா, பொலிஸ் என்ற சொல்லுக்குப் பயந்தார்.

“கடைகளில குடுத்துப் பாப்பம்” என்றார் அம்மா. சின்னப் பிள்ளை கூட இருந்தால் கடைக்காரர்கள் முகத்தை முறிக்கமாட்டார்கள் என்று என்னையும் கூட்டிக்கொண்டு விடிகாலை பஸ்ஸில் ஏறினார்.

வாழைச்சேனையில் தேத்தண்ணி குடித்துவிட்டுத் தாளை நீட்டியபோது, கடைக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, “சில்லறை இருந்தாத் தாங்க, இல்லாட்டி சும்மா போங்க” என்றார். மரக்காலையில் முற்றம் நிறைய மரம் அடுக்கியிருக்க, “மரம் இல்லை” என்றார்கள். ஓடு விற்கிற இடத்திலும் அதே கதைதான். ஏறாவூருக்கு வந்தபோது பல கடைகளின் வாசலில் நூறும் ஐம்பதும் எடுக்கப்படமாட்டாது என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். வெயிலில் நடந்து நடந்து எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா என்னை இழுத்துக்கொண்டு, அட்டை தொங்காத ஒரு துணிக்கடைக்குள் ஏறினார்.

அண்ணன் முறையில் எல்லாரும் ‘காக்கா’ என்று கூப்பிடும், தொப்பி போட்ட முஸ்லிம் முதலாளி தாளை வாங்கி மூக்கருகே பிடித்தார். “என்ன தங்கச்சி, கோயில்ல இருந்தா கொண்டுவாறீங்க?”

அம்மா சிரிக்கவில்லை. அவரும் பிறகு காரியத்துக்கு வந்தார். “யாவாரக் காசு எண்டு நான் வங்கியில கட்டுவன். ஆனா மிச்சம் தரமாட்டன். தாள் முழுக்கத் துணியா எடுக்கணும். விலையும் கொஞ்சம் கூடத்தான்.”

“நாளைக்கு இது கடதாசி எண்டு எனக்கும் தெரியும் காக்கா. இண்டைக்குக் காசுதானே? காசுக்கு உள்ள விலையைப் போடுங்க.”

அவர் அம்மாவையும் என் காலில் படிந்திருந்த புழுதியையும் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். உள்ள விலைதான் போட்டார்.

பூப்போட்ட சீத்தைத் துணி, ஆண்கள் உடுத்தும் கைத்தறிச் சாரம், வெள்ளைத் துணி என்று அம்மா எடுத்துக் குவித்தார். மாலை பஸ்ஸின் தலையில் மூட்டைகளை ஏற்றி நாங்கள் வந்து இறங்கியபோது, அப்பா தலையில் கைவைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார். “வீடு கட்டுறதுக்கு வெச்ச காசுக்கு மூட்டை கட்டிக்கொண்டு வந்திருக்கிறாய்” என்றார். அன்று அவர் சாப்பிடவில்லை.

செய்தி மாப்பிள்ளை வீட்டுக்குப் போக அதிக நேரம் எடுக்கவில்லை. வங்கியில் கிடக்கும் பாதிக் காசில் வீடு முடியாது, வீடு இல்லையென்றால் தாங்கள் வேறு இடம் பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். அக்கா கிணற்றடிக்குப் போய், வாழைகளுக்குப் போதும் போதும் என்கிற அளவுக்குத் தண்ணீர் இறைத்து ஊற்றிக்கொண்டேயிருந்தாள். மறுநாள் காலையில் ஒரு மூட்டையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, “வாங்கம்மா, வித்துப்போட்டு வருவம்” என்றாள்.

இரண்டு பேரும் வாகரை, பனிச்சங்கேணி என்று வீடு வீடாகப் போனார்கள். காசு உள்ளவர்கள் காசு கொடுத்தார்கள். இல்லாதவர்கள் கருவாடும் காட்டுத்தேனும் நெல்லும் கொடுத்தார்கள். அவற்றை ஏறாவூரில் விற்று, அதே கடையில் திரும்பவும் துணி எடுத்தார்கள். பேரம் பேச அம்மாவைவிட அக்கா கெட்டிக்காரி என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அத்திவாரம் ஒரு வருடம், சுவர் ஒரு வருடம் என்று வீடு மெல்ல எழும்பியது. ஓடு போட்ட பிறகு பழைய மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலைத் தட்டோடு திரும்பி வந்தார்கள்.

அக்கா உள்ளே இருந்தபடியே எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்: “வீட்டைப் பாத்து வாறவருக்கு வீட்டையே கட்டிக் குடுங்க. நான் எதுக்கு?”

அப்பாதான் முதலில் சிரித்தார்.

அக்கா பிறகு தனக்குப் பிடித்தவரையே கட்டினாள். துணி வியாபாரத்தை விடவில்லை. மச்சான் காலமாகி, பிள்ளைகள் வெளியூர் போன பிறகும் விடவில்லை. சுனாமியில் கடல் ஊருக்குள் ஏறிவந்த அந்தக் காலையில், ஏறாவூரில் துணி எடுப்பதற்காக முதல்நாளே வந்து கடலைவிட்டுத் தள்ளியிருக்கிற செங்கலடியில் என் வீட்டில் படுத்திருந்தாள். ஊருக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தபோது வீட்டின் சீமெந்துத் தரை மட்டும் இருந்தது.

இப்போது ஏறாவூரில் அந்தத் துணிக்கடை இல்லை. அந்த இடத்தில் கைபேசி விற்கிறார்கள். என் பேரப்பிள்ளைகள் தாளைத் தொடாமலே கடைக்குப் போய் வருகிறார்கள். அக்கா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். அந்த வீட்டைப் பற்றி யாராவது அனுதாபமாகப் பேசத் தொடங்கினால், அவள் சொல்வது ஒன்றுதான்: “வீடு போனாப் போகட்டும் புள்ள. அதைக் கட்டினவள் இருக்கிறன்தானே.”